கோடை இன்டர்ன்ஷிப் போகிறீர்களா? முதலில் உங்கள் இனிஷியலைப் பாருங்கள்

2025 மே 12, திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மதுரை இலந்தைக்குளம் ஐடி பூங்காவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் இன்டர்னாகச் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தது 21ஆம் தேதி. கோடிங் டெஸ்ட், இன்டர்வியூ எல்லாவற்றிலும் தேறியவள் ஒன்பது நாள் வீட்டில் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் ஒரு இனிஷியல், தூங்கிப்போன ஒரு வங்கிக் கணக்கு, பிரின்சிபாலின் ஒரு கையெழுத்து. போதாக்குறைக்கு, சேர வேண்டிய 12ஆம் தேதி அன்றைக்குத்தான் அழகர் ஆற்றில் இறங்கினார்.

என்னோடு தேர்வான ஐந்து பேரில் மூன்று பேருக்கு இப்படி ஏதாவது ஒன்று இடித்தது. மூன்று பேருமே உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள். டவுன் பிள்ளைகளுக்கு வீட்டில் யாராவது ஆபீஸ் வேலையில் இருப்பார்கள், பான் கார்டு, பேங்க் எல்லாம் முன்னாலேயே பார்த்து வைத்திருப்பார்கள். எங்கள் அப்பா சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர், அவருக்கே பான் கார்டு கிடையாது.

என்ன படிக்க வேண்டும், எந்த மொழியில் புரோகிராம் எழுத வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் காகிதம், காசு, தேதி பற்றி மட்டும் சொல்கிறேன்.

1. பொங்கல் முடிந்ததும் தேட ஆரம்பியுங்கள்

பெரிய கம்பெனிகள் அடுத்த கோடைக்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே ஆள் எடுத்துவிடுகின்றன, அது பெரும்பாலும் கேம்பஸ் வழியாக நடக்கும், உங்கள் கல்லூரிக்கு அவர்கள் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. நமக்கு வாய்ப்பு நடுத்தர, சின்னக் கம்பெனிகளில்தான். அவை ஜனவரியிலிருந்து மார்ச் வரை எடுக்கும். ஏப்ரலில் தேட ஆரம்பித்த என் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேருக்குச் சான்றிதழ் மட்டும் தருகிற ஆன்லைன் இன்டர்ன்ஷிப்தான் மிஞ்சியது.

நான் தேடிய இடங்கள்: ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) நடத்துகிற இன்டர்ன்ஷிப் தளம், லிங்க்ட்இன், இன்டர்ன்ஷாலா, கம்பெனிகளின் சொந்தத் தளத்தில் இருக்கும் வேலைப் பக்கம். இவற்றைவிட அதிகம் உதவியது சீனியர் அக்கா ஒருவர். போன வருடம் எங்கே போனீர்கள், அங்கே யாருக்கு மெயில் போட வேண்டும் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். மொத்தம் 40 மெயில் போட்டேன், பதில் வந்தது நான்கு, அதில் ஒன்றுதான் தேறியது. ஒரே மெயிலை 40 பேருக்கும் அப்படியே அனுப்பாமல் அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று பார்த்து இரண்டு வரி மாற்றி எழுதுங்கள், பதில் வந்த நான்கும் அப்படி எழுதியவைதான்.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு நானும் விண்ணப்பிக்கப் போனேன். 2025இல் அது 21 முதல் 24 வயதுக்குள், முழுநேரப் படிப்பிலோ வேலையிலோ இல்லாதவர்களுக்கு, அதுவும் 12 மாதத்துக்கு என்று இருந்தது. ரெகுலர் கல்லூரியில் படிக்கிற எனக்கு அது பொருந்தவில்லை, நீங்கள் இப்போதைய விதியைப் பார்த்துவிட்டுப் பாரத்தை நிரப்புங்கள்.

எத்தனை வாரம் செய்ய வேண்டும் என்பதைத் தேடும் முன்பே உங்கள் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி 2 வாரத்துக்கு 1 கிரெடிட் என்பது கணக்கு. தன்னாட்சிக் கல்லூரிகளில் இது மாறும். எங்கள் துறையில் 4 வாரம் கட்டாயம். 3 வாரம் மட்டும் செய்துவிட்டு வந்த ஒருவன் டிசம்பர் விடுமுறையில் மறுபடியும் போனான்.

2. உங்களிடம் காசு கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள்

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், "திரும்பத் தரப்படும்" பாதுகாப்புத் தொகை, என்ன பெயரில் கேட்டாலும் சரி. வேலை பார்க்கப் போகிற இடத்தில் நீங்கள் ஏன் காசு கட்ட வேண்டும்? என் அறைத்தோழி 2,500 ரூபாய் கட்டினாள், வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள், யூடியூப் வீடியோ அனுப்பினார்கள், ஒரு மாதம் கழித்து பிடிஎஃப் சான்றிதழ் வந்தது, கல்லூரியில் அதை ஏற்கவில்லை.

சந்தேகமாக இருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள், இலவசம்தான், எந்த வருடம் பதிவானது, முகவரி என்ன என்பது வரும். ஒருவரே நடத்துகிற நிறுவனம் அதில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படியென்றால் நேரில் ஒருமுறை போய்ப் பாருங்கள், மதுரைக்குள்தானே. மெயில் கம்பெனியின் சொந்த முகவரியிலிருந்து வருகிறதா அல்லது ஜிமெயிலிலிருந்தா என்றும் கவனியுங்கள். காசு போய்விட்டதென்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், இரண்டு நாள் யோசித்துவிட்டு அழைத்தால் பணத்தை நிறுத்துவது கஷ்டம்.

3. பெயர்

இந்த ஒரு பகுதிக்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

என் பெயர் முத்துலட்சுமி, அப்பா பெயர் ராமர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "முத்துலட்சுமி ஆர்". ஆதாரில் "ஆர் முத்துலட்சுமி". வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லாமல் வெறும் "முத்துலட்சுமி". பான் கார்டில் "முத்துலட்சுமி ராமர்". நமக்கு இது நாலும் ஒரே ஆள். வடக்கே எங்கோ உட்கார்ந்திருக்கிற ஹெச்ஆர் அலுவலருக்கும் அவர் வைத்திருக்கிற மென்பொருளுக்கும் நாலு ஆள்.

பான் கார்டில் ஏன் அப்படி வருகிறது என்றால், விண்ணப்பப் பாரத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டம் கட்டாயம், அதில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாதே, அதனால் அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. அதன் விளைவு, பான் விவரம் கொடுத்தபின் கம்பெனியிலிருந்து வந்த முதல் மெயிலே "டியர் ராமர்" என்று ஆரம்பித்தது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அப்ப வேலை எனக்குத்தானா தாயி?" என்று கேட்டார்.

என்ன செய்ய வேண்டும்?

பான் இன்னும் எடுக்கவில்லையென்றால், முதலில் ஆதாரில் பெயரும் முழுப் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா, உங்கள் இப்போதைய போன் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்து, 18 வயதும் முடிந்திருந்தால் வருமானவரித் துறைத் தளத்திலேயே உடனடி இ-பான் எடுக்கலாம், ஒரு பைசா செலவில்லை, ஆதாருக்கு வரும் ஓடிபி போதும், சில நிமிடங்களில் வந்துவிடும். ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே அதில் ஏறும், அதனால்தான் ஆதாரை முதலில் பார்க்கச் சொல்கிறேன். என் ஆதாரில் இருந்தது அப்பா எப்போதோ தொலைத்த எண். ஓடிபி வர வழியில்லை. தபால் நிலையத்தில் ஆதார் வேலைக்குப் பாதி நாள் வரிசையில் நின்று எண்ணை மாற்றினேன், கட்டணம் நூறு ரூபாய்க்குள்தான், ஆனால் அது பதிவாகச் சில நாள் ஆனது. அதற்குள் பதற்றத்தில் பிரவுசிங் சென்டரில் போய் சாதாரண விண்ணப்பம் போட்டுவிட்டேன். அரசுக் கட்டணம் 107 ரூபாய், கடைக்காரர் வாங்கியது 250. கார்டு வீட்டுக்கு வர 16 நாள்.

பெயர் பிடிக்கவில்லை, தப்பாக வந்துவிட்டது என்று இன்னொரு பான் மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஒருவர் இரண்டு பான் வைத்திருப்பது தப்பு, 10,000 ரூபாய் அபராதம் வரை போகலாம். இருக்கிற பானுக்குத் திருத்த விண்ணப்பம் போட வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் பெயரை ஒன்றாக்க நேரமில்லையென்றால், எனக்கு இல்லை, நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வாங்குங்கள். "மேற்கண்ட பெயர்கள் எல்லாம் என்னையே குறிக்கும்" என்று நாலு ஆவணத்தின் பெயரையும் எண்ணையும் வரிசையாகப் போட்டு எழுதுவார்கள். முத்திரைத்தாள், நோட்டரி கட்டணம் எல்லாம் சேர்த்து எனக்கு 600 ரூபாய் ஆனது. எங்கள் ஹெச்ஆர் அதை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் ஏற்பார்களா என்று மெயிலில் கேட்டு உறுதி செய்தபின் செலவழியுங்கள். சில கம்பெனிகளுக்கு நீங்களே கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் போதும்.

4. வங்கிக் கணக்கைத் தட்டி எழுப்புங்கள்

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ உதவித்தொகைக்காக ஒரு கணக்கு ஆரம்பித்திருப்பார்கள். புத்தகம் பீரோவில் இருக்கும், கணக்கு இருக்கிறது என்று நாமும் தைரியமாக இருப்போம். இரண்டு வருடம் நாமாகப் பணம் போடாமல் எடுக்காமல் இருந்தால் அது செயல்படாத கணக்கு ஆகிவிடும். அதோடு, மைனராக இருந்தபோது ஆரம்பித்தது என்றால் 18 முடிந்ததும் புதுப் புகைப்படம், புதுக் கையெழுத்து, ஆதார், பான் எல்லாம் கொடுத்து மேஜர் கணக்காக மாற்ற வேண்டும். எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தது.

கணக்கு எண்ணைக் கம்பெனித் தளத்தில் ஏற்றினேன், சோதனைக்காக அவர்கள் அனுப்பிய 1 ரூபாய் திரும்பிப் போனது. மூன்று நாள் கழித்துத்தான் எனக்கே தகவல் வந்தது. வங்கிக் கிளையில் கேட்டால், "பான் கார்டு ஒரிஜினல் கொண்டு வந்தியாம்மா?" பான் அப்போது தபாலில் வந்துகொண்டிருந்தது. ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருக்கிறது, பாருங்கள். பான் வந்தபின் கொடுத்து, அவர்கள் சரிபார்த்து, கணக்கு உயிர்பெற ஐந்து வேலை நாள். கணக்கை மறுபடி செயல்படுத்த வங்கி கட்டணம் வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி, யாராவது கேட்டால் பணிவாகச் சொல்லுங்கள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி கிடையாது, நான் ஒரு நான்காவது சனிக்கிழமை 38 கிலோமீட்டர் பஸ் ஏறி வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

மார்ச் மாதமே போய்க் கணக்கில் 100 ரூபாய் போட்டு, 50 ரூபாய் எடுத்துப் பாருங்கள். நடந்தால் நிம்மதி. அப்படியே புத்தகத்தில் பதிவும் போட்டு, பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி தெரிகிற முதல் பக்கத்தை ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். செக் புத்தகம் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பக்கம் போதும்.

5. ஆஃபர் லெட்டர் வந்ததும் சந்தோஷத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

அரை மணி நேரம் உட்கார்ந்து படியுங்கள். பார்க்க வேண்டியவை: ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும், ஸ்டைபெண்ட் (இன்டர்னுக்குத் தருகிற மாதப் பணம்) எவ்வளவு, எப்போது வரும், எந்த ஊர் அலுவலகம், வாரத்தில் எத்தனை நாள் நேரில் வர வேண்டும், லேப்டாப் அவர்கள் தருகிறார்களா. கடைசியாகச் சொன்னது முக்கியம். எங்களில் ஒருவனுடைய லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான், அவர்கள் பயன்படுத்திய மென்பொருளைத் திறந்தாலே நின்றுவிடும், கடைசியில் 3,200 ரூபாய் செலவழித்து ரேம் போட்டான்.

இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று ஏதாவது வரி இருந்தால் கையெழுத்துக்கு முன்னால் உங்கள் ஆசிரியர் யாரிடமாவது காட்டுங்கள். படிப்பு முடிந்து இத்தனை வருடம் இங்கேயேதான் வேலை பார்க்க வேண்டும் என்ற பாண்டு இருந்தாலும் அப்படியே.

ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்றும் கூடவே வரும். ஆங்கிலத்தில் எட்டுப் பக்கம், யாரும் படிப்பதில்லை. சுருக்கமாக, கம்பெனி எழுதிய புரோகிராமை உங்கள் சொந்த கிட்ஹப்பில் (புரோகிராம்களைப் போட்டு வைக்கிற தளம்) போடக்கூடாது, திரையைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கக்கூடாது, கேட்காமல் ஏஐ சாட்டில் அந்தப் புரோகிராமை ஒட்டிக் கேள்வி கேட்கக்கூடாது. இது பின்னால் கல்லூரி ரிப்போர்ட் எழுதும்போது வந்து உதைக்கும், அதை 10ஆம் பகுதியில் சொல்கிறேன்.

அனுப்ப வேண்டியவற்றை ஒரே நாளில் ஸ்கேன் செய்து போனிலும் மெயிலிலும் வையுங்கள்: ஆதார், பான், பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல், இதுவரை வந்த செமஸ்டர் மதிப்பெண்கள், கல்லூரி அடையாள அட்டை, பாஸ்புக் முதல் பக்கம், வெள்ளைப் பின்னணியில் போட்டோ. மடியில் வைத்து எடுத்த நிழல் விழுந்த படங்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு கோப்பும் 2 எம்பிக்குள் இருக்கட்டும். ஸ்கேன், ஜெராக்ஸ், போட்டோ எல்லாம் சேர்த்து எனக்கு 300 ரூபாய் ஆனது.

6. கல்லூரி என்ஓசி: பாரம் ஒன்று, கையெழுத்து நாலு

போனஃபைடு வேறு, என்ஓசி வேறு. முதலாவது நீங்கள் அந்தக் கல்லூரி மாணவி என்று சொல்வது. இரண்டாவது, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இந்தக் கம்பெனிக்குப் போக எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்வது. நான் போனஃபைடை அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்ஓசிக்கு எங்கள் கல்லூரியில் வகுப்பு ஆசிரியர், துறைத் தலைவர், பிளேஸ்மென்ட் அலுவலர், பிரின்சிபால் என்று நாலு பேர் கையெழுத்து வேண்டும், அதே வரிசையில். மூன்று ஒரே நாளில் கிடைத்தது. நாலாவதற்குப் போனால் பிரின்சிபால் வெளியூர், வர ஆறு நாள். தேர்வு முடிந்து கல்லூரி காலியாகிற நேரம் அது, அலுவலகத்தில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். ஆகவே ஏப்ரல் 20க்குள் வாங்கிவிடுங்கள், ஆஃபர் லெட்டர் கையில் வந்த அன்றே பாரத்தைக் கொடுங்கள். லெட்டர்ஹெட்டில் இருக்கிறதா, சீல் விழுந்திருக்கிறதா, தேதிகள் ஆஃபர் லெட்டரோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். இரண்டு ஒரிஜினலாக வாங்குங்கள், ஒன்று கம்பெனிக்கு, ஒன்று உங்களுக்கு.

தேர்வுத் தேதியும் இதோடு சேர்ந்ததுதான். எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி, மே முதல் வாரத்தில் முடிந்தது. இணைப்புக் கல்லூரியில் படிக்கிற தோழிக்கு அட்டவணை தாமதமாக வந்து, தேர்வும் சேரும் தேதியும் மோதிக்கொண்டன. ஆஃபர் கிடைத்தபோதே "தேர்வு அட்டவணை இன்னும் வரவில்லை" என்று மெயிலில் எழுதி வைத்திருந்ததால் அவளுக்குத் தேதியைத் தள்ளிக் கொடுத்தார்கள்.

7. சேரும் தேதியும் அழகரும் பஸ்ஸும்

கம்பெனிகளுக்குத் திங்கட்கிழமை பிடிக்கும். மே 12 அவர்களுக்கு வெறும் திங்கட்கிழமை, நமக்கு சித்ரா பௌர்ணமி. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, ஹெச்ஆர் இருக்கும் ஊரில் அது யாருக்கும் தெரியாது. உசிலம்பட்டியிலிருந்து வருகிற பஸ் ஆரப்பாளையத்தில் விடும், அங்கிருந்து கோரிப்பாளையம் வழியாக மாட்டுத்தாவணி போக வேண்டும், அழகர் இறங்குகிற வைகை ஆறும் அந்த வழியில்தான். அன்றைக்கு அந்தப் பக்கம் டவுன் பஸ்ஸை நம்பி ஆபீஸ் போகிறேன் என்று கிளம்பினால் கூட்டத்தோடு கூட்டமாக நின்று சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். என் காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்திருந்தாலும் அன்று போய்ச் சேர்ந்திருக்க முடியாது. மதுரையில் கோடையில் சேருகிறவர்கள் அந்த வருடத் திருவிழாத் தேதியைப் பார்த்துவிட்டு முன்கூட்டியே மெயில் போடுங்கள், இரண்டு நாள் தள்ளிக் கொடுப்பார்கள்.

வீட்டிலிருந்தே போய் வந்துவிடலாம் என்று நானும் கணக்குப் போட்டேன். உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் ஒன்றே கால் மணி, அங்கிருந்து மாட்டுத்தாவணிக்கு நாற்பது நிமிடம், அப்புறம் ஷேர் ஆட்டோ. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு வழிக்கு இரண்டரை மணி. ரயில் இருக்கிறதே என்பீர்கள், போடி ரயில் காலையில் மதுரையிலிருந்து கிளம்பி மாலையில்தான் மதுரைக்குத் திரும்பும், நமக்கு நேர் எதிர்த்திசை. ஒரு வாரம் தாங்கினேன், எட்டாம் நாள் ஹாஸ்டல் பார்த்துவிட்டேன். இதே ஐடி பூங்கா வடபழஞ்சியில் இருப்பதாக இருந்தால் தேனி ரோட்டிலேயே, பல்கலைக்கழகம் பக்கத்தில் இறங்கிக்கொள்ளலாம், உசிலம்பட்டி, செக்கானூரணிப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போகலாம். எந்தப் பூங்கா என்பதை ஆஃபர் லெட்டரில் பார்த்துவிட்டு ஹாஸ்டலை முடிவு செய்யுங்கள்.

பெண்களுக்கு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, உசிலம்பட்டி மாதிரி தூர பஸ்ஸுக்கு அது பொருந்தாது. போக வர, ஷேர் ஆட்டோவோடு எனக்கு நாளுக்கு 100 ரூபாய் ஆனது.

ஹாஸ்டலை மே மாதத்திலேயே பிடித்துவிடுங்கள், ஜூனில் கல்லூரி திறக்கிற கூட்டம் வந்துவிடும். கே.கே. நகரில் மூன்று பேர் அறை, சாப்பாட்டோடு மாதம் 6,500, அட்வான்ஸ் 3,000. அட்வான்ஸ் திரும்ப வேண்டுமென்றால் 15 நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்தார்கள். உங்கள் கடைசி நாள் ஏற்கெனவே தெரியும், சேரும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

8. கையில் எவ்வளவு காசு வேண்டும்?

என் ஸ்டைபெண்ட் மாதம் 10,000. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி. எங்கள் கம்பெனியில் 20ஆம் தேதிக்குள் வங்கி விவரம் சரியாகப் பதிவாகியிருந்தால்தான் அந்த மாதப் பணம். நான் சேர்ந்ததே 21. மே மாதத்துக்கான 11 நாள் பணமும் ஜூன் பணமும் சேர்ந்து 13,500 சொச்சம் ஜூலை 5ஆம் தேதிதான் வந்தது, அப்போது நான் வேலையை முடித்துக் கல்லூரிக்கே திரும்பிவிட்டேன். தாமதமான ஒன்பது நாளுக்கு 2,900 ரூபாய் நஷ்டம், அதை யாரிடமும் கேட்க முடியாது.

ஆக முழுக் காலத்துக்கும் செலவுக் காசு நம்மிடம் இருக்க வேண்டும். எனக்கு ஆனது: ஹாஸ்டல் அட்வான்ஸோடு 9,500, முதல் வாரப் போக்குவரத்து 700, அதற்குப் பின் ஷேர் ஆட்டோ, டீ, வாரக் கடைசியில் ஊருக்குப் போய் வருவது என்று சுமார் 2,000, விளக்குத்தூண் பக்கம் வாங்கிய மூன்று சுடிதாரும் ஒரு ஷூவும் 2,400, முன்னால் சொன்ன காகிதச் செலவு 1,150. கூட்டினால் 15,750, அட்வான்ஸ் திரும்பி வந்தது போக 12,750. சுடிதார் செலவைத் தவிர்த்திருக்கலாம், அங்கே பாதிப் பேர் டிஷர்ட்டில்தான் வந்தார்கள், முதல் நாளுக்கு ஒரு நல்ல உடை போதும். ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். வெளியே கத்திரி வெயில், உள்ளே கொடைக்கானல்.

வரி பற்றி ஒரு வார்த்தை. என் தொகை சின்னது, எதுவும் பிடிக்கவில்லை. சென்னையில் அதிகம் வாங்கிய நண்பனுக்கு 10 சதவீதம் பிடித்தார்கள். பான் கொடுக்காமல் இருந்தால் 20 சதவீதம் வரை போகும். மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் அடுத்த வருடம் ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம், அதற்கு உங்கள் பான் எண்ணில் அந்தப் பிடித்தம் பதிவாகியிருக்கிறதா என்று 26ஏஎஸ் அறிக்கையில் பாருங்கள்.

9. முதல் வாரம்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் நாலு நாள் வேலையே இருக்காது. அடையாள அட்டை, மெயில், விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி), புரோகிராமைப் பார்க்க அனுமதி எல்லாம் ஒவ்வொன்றாக வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்கெட், அதாவது கம்பெனித் தளத்தில் ஒரு கோரிக்கை, போட வேண்டும். நமக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்று பயந்து சும்மா இருக்காதீர்கள், டிக்கெட் எண்ணைக் குறித்துக்கொண்டு தினமும் ஒருமுறை கேளுங்கள். கிட் (புரோகிராமில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), லினக்ஸ் கட்டளைகள், எஸ்க்யூஎல் (தரவுத்தளத்தில் தேடும் மொழி), இந்த மூன்றும் ஓரளவு தெரிந்திருந்தால் முதல் மாதம் ஓடிவிடும். எனக்குக் கொடுத்தது ஒரு படிவத்தில் தேதி தப்பாக வருகிற பிழை. திருத்தம் மூன்று வரி, அந்த மூன்று வரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆறு நாள்.

காலை பத்தரைக்கு எல்லோரும் நின்று நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். எனக்குக் கை நடுங்கியது. முந்தைய நாள் இரவே மூன்று வரி எழுதி வைத்துப் படித்தேன், யாரும் சிரிக்கவில்லை, இரண்டாம் வாரம் தாளைப் பார்க்காமல் சொன்னேன். சிக்கிக்கொண்டால் அரை மணி நேரம் முயன்றுவிட்டு, என்னென்ன செய்து பார்த்தேன் என்று எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். வெறுமனே "வரலக்கா" என்று போய் நின்றால் அவர்களும் பாவம் என்ன செய்வார்கள்.

10. சான்றிதழும் ரிப்போர்ட்டும்: கடைசி நாளில் கேட்கக் கூடாது

முடிவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஹெச்ஆருக்கு மெயில் போடுங்கள். சான்றிதழில் உங்கள் முழுப் பெயர், பதிவு எண், ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி, செய்த வேலை ஒரு வரியில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள், கல்லூரியின் மதிப்பீட்டுப் படிவம் இருந்தால் அதையும் இணையுங்கள். கம்பெனியில் டிஜிட்டல் கையெழுத்துப் போட்ட பிடிஎஃப்தான் தருவார்கள். எங்கள் துறையிலோ மை கையெழுத்தும் சீலும் இருந்தால்தான் ஒரிஜினல். இரண்டு பக்கமும் மெயில் போட்டு, கடைசியில் மேனேஜர் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், ஜூன் 30, மாலை ஐந்தே முக்காலுக்கு. லேப்டாப்பும் அடையாள அட்டையும் ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் கடைசிப் பணம் நிற்கும்.

ரிப்போர்ட்டில் போட நினைத்த திரைப் படங்கள் அத்தனையும் ரகசிய ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டன. அனுமதி கேட்டதற்குப் பதில் வர ஐந்து நாள், பாதியைத்தான் அனுமதித்தார்கள். மீதியை நானே கையால் வரைந்த பெட்டிப் படங்களாகப் போட்டேன், வைவாவில் அதைத்தான் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அப்புறம், சான்றிதழில் வந்திருந்த பெயர் "ராமர் முத்துலட்சுமி". கல்லூரி அலுவலகத்தில் அண்ணன் ஒருவர் மதிப்பெண் பட்டியலையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது யாரும்மா?" என்றார். பையிலிருந்து நோட்டரி பத்திரத்தின் நகலை எடுத்து நீட்டினேன். அதைப் பத்து நகல் எடுத்து வையுங்கள், நகலுக்கு ஒரு ரூபாய்தான்.